மதில் மேல் கல்

ஜூலை 4

அண்ணா,

தலை முதல் வால் வரை நலமாக இருக்கும் உன் வாலு எழுதுகிறேன். உன் முழங்கால் நலமா? அணைக்கட்டில் குளிர் ஆரம்பித்தால் முதலில் அண்ணன் முழங்காலிடம்தான் வந்து சொல்லுமாம், அதனால் கேட்டு எழுது என்று அம்மாவின் உத்தரவு. கேட்டுவிட்டேன்.

கல்லூரியில் சேர்ந்தாயிற்று. ரொம்பச் சின்னக் கல்லூரி. இந்தக் கோடியில் ஒருவர் தும்மினால் அந்தக் கோடியில் கைக்குட்டை எடுக்கிறார்கள். உன் தங்கை என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் நீயே ஏதாவது சொல்லிக்கொள். நட்சத்திரமும் படிக்க வேண்டும், நாடகமும் படிக்க வேண்டும், நண்டின் நரம்பையும் படிக்க வேண்டும். வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாத்தியாரோடு சண்டை போட்டால் மதிப்பெண் தருகிறார்கள். எனக்காகவே கட்டியிருக்கிறார்கள்!

முதல் வருடத்துப் பிள்ளைகளின் போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். உன் மலையிலும் சிக்னல் இல்லை. ஆக, உலகத்தில் கடிதம் எழுதும் கடைசி இரண்டு ஜீவன்கள் நாம்தான்.

இங்கே ஒரு வேடிக்கையான வழக்கம். சேர்ந்த அன்றே ஓடைக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு கல் பொறுக்கி வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வெளியே போகும்போது அந்தக் கல்லை வாசல் மதில் மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொழுது சாயும்போது, அன்றைக்கு முறை உள்ள மாணவர் மதிலைப் பார்ப்பார். ஒரு கல் மிச்சமிருந்தாலும் பெரிய மணியை அடிப்பார். உடனே முதல்வர், வாத்தியார்கள், சமையல்கட்டு, மாணவர்கள் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த ஆளைத் தேடக் கிளம்ப வேண்டும். வருகைப் பதிவேடே கிடையாது. கல்லைத் தொலைத்தவர் இங்கே கல்லாதவர்!

என் அறைத்தோழிக்கு நத்தை என்று பெயர் வைத்திருக்கிறேன். முதுகில் எப்போதும் ஒரு மூட்டை. ஊர்கிற நடை. யாராவது பேசினால் தலை உள்ளே போய்விடும். பாறைப் பாசியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பாசி மேல் அப்படி ஒரு பாசம். பெயரைச் சொன்னதும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நத்தைக்குப் பல்லு ஆயிரக்கணக்குல இருக்கும், தெரியுமா?" என்றாள். எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

கம்பளிக் காலுறை போட்டுக்கொள். இதுவும் அம்மா.

உன்,
வாலு


ஜூலை 22

வாலுவுக்கு,

வண்டி நேற்றுதான் மேலே வந்தது. உன் கடிதமும் வெங்காயமும் ஒரே மூட்டையில். இரண்டையும் பிரித்தேன். இரண்டுமே நல்ல காரம். நான் நலம். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உனக்குச் சளி பிடித்தால் மறைக்காமல் எழுது.

எங்கள் வேலையிலும் அதே வழக்கம்தான். ஆளுக்கொரு பித்தளை வில்லை. தண்ணீர் வரும் சுரங்கத்துக்குள் பழுதுபார்க்க இறங்கும்போது பலகையில் மாட்டுவோம், ஏறி வந்ததும் எடுப்போம். பலகை காலியானால்தான் மதகைத் திறப்பார்கள்.

நீ எதை வைத்து வேண்டுமானாலும் விளையாடு. அந்தக் கல்லை வைத்து மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்


ஆகஸ்ட் 13

மதிப்புக்குரிய மலைவாசி அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம். மூன்றாவது நலம் உனக்காக. நீ எழுத மறந்துவிடுவாய்.

உன் கடிதம் வருவதற்குள் விளையாடிவிட்டேன். என் கல்லை மதில் மேல் விட்டுவிட்டு நாடக மேடைத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மணி அடித்தது பார், கல்லூரியே புறப்பட்டுவிட்டது. ஓடைக்கரை முழுக்க என் பெயர். நம் அம்மாகூட என்னை அத்தனை தடவை கூப்பிட்டிருக்க மாட்டாள். கடைசியில் திரையை விலக்கி, "வந்தேன் வந்தேன்!" என்று குதித்தேன்.

திட்டுவார்கள் என்று பார்த்தேன். முதல்வர் அம்மாவின் சேலை முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்து, "இருக்கியா? நல்லது. சாப்பிட வா" என்றார். அவ்வளவுதான். சமையல் அக்கா ஆறிப்போனதையெல்லாம் மறுபடி சுட வைத்தாள். அதற்குப் பிறகு ஜோக் அடிக்க எனக்கே வாய் வரவில்லை. எனக்கே!

ஆனால் ஒன்று. இப்போதெல்லாம் மணி அடித்தால், "எல்லாம் வாலு வேலையாதான் இருக்கும்" என்று எழுந்திருக்கவே முனகுகிறார்கள். அதில் மாட்டிக்கொண்டது நத்தைதான். பாசியைப் பார்த்துக்கொண்டு சில நாள் பொழுது சாய்ந்த பிறகுதான் வருகிறாள். அவளுக்காக இரண்டு முறை மணி அடித்தாயிற்று. மூன்றாம் வருடத்து நெட்டை, "இவளத் தேடியே எனக்குப் பட்டம் குடுத்துடுவாங்க போல" என்றான். சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. அவள் தலை உள்ளே போனது; அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை.

நன்றாகச் சாப்பிடு. எனக்கும் சேர்த்துத் தூங்கு.

வாலு


செப்டம்பர் 10

அண்ணா,

பதில் இல்லை. சாலை சரிந்ததா, நீ சரிந்தாயா? உடம்பு சரியில்லை என்றால் வேறு யார் கையெழுத்திலாவது ஒரு வரி போடு. நான் சௌக்கியம்.

இங்கே ஒரு திருப்பணி ஆரம்பித்திருக்கிறேன். மாலையில் என் கல்லை எடுக்கும்போது நத்தையின் கல்லையும் சேர்த்து எடுத்துவிடுகிறேன். மஞ்சள் புள்ளி வைத்த சின்னக் கல். அவள் கொஞ்ச நேரத்தில் எப்படியும் வந்துவிடுவாள். மணியும் அடிக்காது, யாரும் அவளைக் கிண்டலும் செய்ய மாட்டார்கள். என் மூளையை நீ மெச்ச வேண்டாமா?

அவள் மெச்சவில்லை. தலையணை மேல் கல்லைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என் கல்ல நீ தொடாத" என்றாள். "கிண்டல் பண்ணா பண்ணட்டும். நான் வரலன்னா யாராவது வருவாங்க இல்ல? எங்க வீட்ல அப்படி யாரும் வந்ததில்ல." நத்தை இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

சரி என்று சொன்னேன். என்னுடைய 'சரி' எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

சீக்கிரம் எழுது.

வாலு


செப்டம்பர் 29

வாலுவுக்கு,

சரிந்தது சாலைதான். உன் இரண்டு கடிதங்களும் இன்றைக்குத்தான் கையில் கிடைத்தன. நான் நலம்.

அவள் கல்லை எடுக்காதே. அவசரத்துக்கு வேண்டாம், உதவிக்கும் வேண்டாம், ஒரே ஒரு தடவை என்றும் வேண்டாம். காரணம் கேட்காதே.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வண்டி கீழே இறங்க இன்னும் எத்தனை நாள் ஆகுமோ. உன் உடம்பைப் பார்த்துக்கொள். நான் சொன்னதைச் செய்.

அண்ணன்


அக்டோபர் 6, காலை

அண்ணா,

நலம் என்று எழுத வரவில்லை. நீ நலமாக இரு.

நேற்று நல்ல மழை. நெட்டைக்கு மணி முறை. மத்தியானமே என்னைப் பிடித்து, "இன்னைக்கும் உன் நத்தை கல்லு கிடந்துச்சுன்னா, மணிய அடிச்சிட்டு நான் நேரா போர்வைக்குள்ள போயிடுவேன், சொல்லிட்டேன்" என்றான். மாலையில் நான் உள்ளே வரும்போது மதிலில் இரண்டே கல். என்னுடையது ஒன்று, மஞ்சள் புள்ளி ஒன்று. எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருப்பாள் என்று இரண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டில் அவள் இல்லை. நூலகத்தில் இருப்பாள் என்று நினைத்தேன். மழைச் சத்தம் சுகமாக இருந்தது. போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

இப்போது எழுந்து பார்த்தால் அவள் படுக்கை மடித்தது மடித்தபடி இருக்கிறது. கொடியில் துண்டு காய்ந்து கிடக்கிறது. நூலகம் பார்த்துவிட்டேன். மொட்டை மாடி பார்த்துவிட்டேன். குளியலறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டேன்.

மழை நிற்கவே இல்லை, அண்ணா. அவள் ராத்திரி முழுக்க வெளியே இருந்திருக்கிறாள். யாரும் தேடவில்லை. யாருக்கும் தெரியாது. தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

கீழே கூடத்தில் தட்டுச் சத்தம் கேட்கிறது. போய்ச் சொன்னால், மதில் காலியாக இருந்ததே என்பார்கள். ஏன் காலி என்று நான் சொல்ல வேண்டும். கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள். அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? ஒருவேளை அவள் இந்த நிமிடம் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டால்? படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம். அவள் இல்லை. அவள் நடை எனக்குத் தெரியும்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அவள் எங்கேயோ கிடக்கிறாள், நான் இங்கே உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனாவை வைத்தால் எழுந்து கீழே போக வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன் போலிருக்கிறது.

வைக்கிறேன். போகிறேன். இதைப் படிக்கட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு


அக்டோபர் 15

வாலு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நலமாக இரு.

'போட்டுவிட்டு' என்று நிற்கிறது உன் கடிதம். போட்டுவிட்டு? கூடத்துக்குப் போனாயா? அவள் கிடைத்தாளா? கடிதம் என்றால் கடி இல்லாமல் எழுத மாட்டாய் நீ. இதில் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இறங்கி வரலாம் என்றால் சாலை இல்லை. கம்பியில் தொங்கும் தொட்டியில்தான் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். ஒரே ஒரு வரி எழுது. கிடைத்தாள், அல்லது கிடைக்கவில்லை. அது போதும்.

அண்ணன்


அக்டோபர் 26

வாலு,

இன்னும் பதில் இல்லை. நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அதையாவது எழுது.

காரணம் கேட்காதே என்று எழுதியிருந்தேன். சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஆறு வாரம் நான் கடிதமே போடவில்லை, நினைவிருக்கிறதா? சைக்கிளில் விழுந்து முழங்காலில் அடி என்று பிறகு எழுதினேன். சைக்கிள் இல்லை.

என்னோடு வேலை செய்கிறவன், நான் மேலே ஏறிவிட்டேன் என்று நினைத்து என் வில்லையையும் பலகையிலிருந்து எடுத்துவிட்டான். உதவி செய்வதாகத்தான் நினைத்தான். நான் உள்ளே இருந்தேன். மதகு திறக்கும் சத்தம் கேட்டது. அவனுக்கு அந்த நேரத்தில்தான் சந்தேகம் வந்திருக்கிறது. சொன்னால் வேலை போய்விடுமே என்று கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். பிறகு ஓடிப்போய்ச் சொன்னான். அதற்குள் தண்ணீர் என்னை அடித்துக்கொண்டுபோய்ச் சுவரில் மோதிவிட்டது.

அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவனோடுதான் இன்றைக்கும் ஒரே மேசையில் சாப்பிடுகிறேன். அவன் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை.

நீ நின்றாயா, ஓடினாயா? எதுவாக இருந்தாலும் எழுது. நான் உன் அண்ணன்.


நவம்பர் 3

அண்ணா,

நான் சாப்பிடுகிறேன். தூக்கம்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. உன் மூன்று கடிதங்களும் ஒன்றாக வந்தன. முதலாவதில், எடுக்காதே என்று எழுதியிருந்தாய். உறையோடு ஜன்னலில் வைத்துவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கிடைத்துவிட்டாள். உயிரோடு.

இரண்டும் செய்தேன், அண்ணா. முதலில் நின்றேன். நான் நின்றது எவ்வளவு நேரம் என்பது உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் நீளம். பிறகு கூடத்துக்கு ஓடி, பெஞ்சு மேல் ஏறி, "நத்தையக் காணோம்! ராத்திரி பூரா வரல!" என்று கத்தினேன்.

சிரித்தார்கள்.

"ஏ வாலு, பல்லாவது விளக்கினியா? அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியே!"

"இந்தத் தடவ நாடகத்துல மழையும் உண்டா?"

நெட்டை ரொட்டியை மென்றுகொண்டே, "நேத்து நான்தான் முறை. மதில் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. இறங்கு, இறங்கு, பெஞ்சு உடைஞ்சிடப் போவுது" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கைதட்டினார்கள், அண்ணா. "கண்ணுல தண்ணிகூட வருது பாரேன்!" என்றாள் ஒருத்தி. நான் எவ்வளவு அழுதேனோ அவ்வளவு கைதட்டல். அங்கே நின்றுகொண்டு, அவள் செத்துப்போனால் இந்தச் சிரிப்பு நடுவில்தான் செத்துப்போவாள் என்று நினைத்தேன்.

பையிலிருந்து மஞ்சள் புள்ளிக் கல்லை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. இங்கே யாரும் அடுத்தவர் கல்லைத் தொடுவதில்லை. அப்படி ஒன்று நடக்கலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

"இது எப்படி உங்கிட்ட?" என்றான் நெட்டை. வாயில் ரொட்டி அப்படியே இருந்தது.

"நான்தான் எடுத்தேன். நேத்து சாயங்காலம்."

"ஐயோ. நான் காலியா இருக்குன்னு... நான் போய் நல்லா சாப்பிட்டேனே."

சமையல் அக்காதான் முதலில் அசைந்தாள். "திட்டறத அப்புறம் திட்டிக்கலாம். எந்திரிங்க எல்லாரும்!" என்றாள். பெரிய மணி அடித்தது. காலையில் அது அடித்து யாரும் கேட்டதில்லையாம்.

ஓடைக்கு அந்தப் பக்கம், கைவிட்ட கல் குவாரியின் சரிவில், பாசி வழுக்கி விழுந்து இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தாள். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உதடெல்லாம் நீலம். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் காய்ச்சல் என்றார்கள். பல நாள் கண்டம். இப்போது தேறி வருகிறாளாம்.

முதல்வர் அம்மா என்னை இன்னும் அனுப்பவில்லை. "உன்ன என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்கலாம். அவ கிட்ட இத நாங்க யாரும் சொல்ல மாட்டோம். நீதான் சொல்லணும்" என்றார்.

நீ எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாய் என்று எழுதவில்லையே, அண்ணா. வலி குறைந்ததா?

வாலு


நவம்பர் 14

வாலுவுக்கு,

கிடைத்துவிட்டாள் என்ற வரியை மேசையில் உரக்கப் படித்தேன். நான் சொன்னேனே, அவன், எழுந்து வெளியே போய்விட்டான். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தான். நான் நலம். நீ நன்றாகத் தூங்க வேண்டும்.

தேறி வருகிறாளாம் என்று, யாரோ சொன்னதை எனக்குச் சொல்கிறாய். நீ இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

பயமாகத்தான் இருக்கும். போ.

அண்ணன்


டிசம்பர் 2

அண்ணா,

உடம்பு நலம், மனசு பரவாயில்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இனி கேட்க மாட்டேன்.

போனேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இரண்டு முறை திரும்பியும் வந்தேன். மூன்றாவது முறை, கடையில் இருந்த ஆரஞ்சையெல்லாம் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் அப்பா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டவில்லை. நத்தை தலையணையில் சாய்ந்திருந்தாள். பாதி ஆளாகிவிட்டாள்.

"நாளைக்கு வீட்டுக்குப் போறேன். இனிமே காலேஜுக்கு வரல" என்றாள்.

"காலு சரியானதும் வரலாம்ல?"

"கால் இல்ல." "அங்க கிடந்தப்ப மணி அடிக்கும் அடிக்கும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். இருட்டிடுச்சு, இப்ப அடிப்பாங்கன்னு நினைச்சேன். சாப்பாட்டு மணி அடிச்சுது. அதுக்கப்புறம் ஒண்ணுமே அடிக்கல. அப்பதான் புரிஞ்சுது. கல்லப் பாத்திருப்பாங்க. இவதானே, இந்தத் தடவ வேணாம்னு எல்லாருமா முடிவு பண்ணிட்டாங்கன்னு." என் கையைப் பிடித்தாள். "நீ மட்டும் தேடியிருப்ப. அது தெரியும் எனக்கு."

அண்ணா, அந்தப் பெஞ்சு மேல்கூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். நாளைக்குப் போய்விடுவாள், என்னைத் தன் ஒரே சிநேகிதி என்று நினைத்துக்கொண்டே. இதைவிடச் சுலபமாக ஒரு ஆள் தப்பிக்க முடியாது. அந்தக் கை எலும்பும் சூடுமாக இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"கல்லு மதில் மேல இல்ல. நான் எடுத்துட்டேன்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"தொடாதன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"சரின்னியே?"

"ஆமா."

நான் கொண்டுபோன ஆரஞ்சில் ஒன்றை எடுத்து என் மேல் எறிந்தாள். தோளில் பட்டது. இன்னொன்று. நெற்றி. நத்தைக்கு அவ்வளவு வேகம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் நகரவில்லை. நகர எனக்கு என்ன யோக்கியதை?

வெகு நேரம் கழித்து, "அப்ப யாருக்குமே தெரியாதா?" என்றாள்.

"தெரியாது. யாரும் முடிவெல்லாம் பண்ணல. மதில் காலியா இருந்துச்சு, அதான்."

"தெரிஞ்சதும்?"

சொன்னேன். சமையல் அக்கா கரண்டியைக் கீழே வைக்க மறந்து, கையில் அதோடு ஓடியதைச் சொன்னேன். நெட்டை ஓடைக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அவனுக்கு நீச்சலே தெரியாது என்று அப்புறம்தான் ஞாபகம் வந்து கத்தியதைச் சொன்னேன். முதல்வர் அம்மா தொண்டை கட்டிப்போய் ஒரு வாரம் வகுப்பில் சைகையிலேயே பேசியதைச் சொன்னேன். தத்துவ வாத்தியார் சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு, "செருப்பு என்பது ஒரு கருத்து மட்டுமே" என்று சொல்லிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு குவாரிச் சரிவில் ஏறி, அவள் மூட்டையை முதலில் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுததைச் சொன்னேன். ஒருத்தர் விடாமல் சொன்னேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்ன நான் மன்னிக்கல" என்றாள்.

"தெரியும்."

"ரொம்ப நாளைக்கு மன்னிக்க மாட்டேன்."

"சரி." இந்தச் 'சரி' வேறு, அண்ணா.

"அந்தச் செருப்பு விஷயத்த மறுபடி சொல்லு. மெதுவா."

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் அப்பா, கட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

உன்,
வாலு